நட்டநடுவில் வைத்த பம்ப்பு

நான் பீங்கான் கம்பெனியில் பேக்கிங் பிரிவில் வேலை பார்க்கிறேன். கப், சாசர், பொம்மை எல்லாவற்றையும் வைக்கோல் வைத்துப் பெட்டியில் அடுக்குவோம். எது சட்டென்று உடையுமோ அது நட்டநடுவில் போக வேண்டும். பெட்டியை ஆட்டினால் சத்தம் வரக் கூடாது. நான் கட்டிய பெட்டியில் சத்தமே வராது என்று எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

போன மார்கழியில் மகள், காலேஜிலிருந்து ராஜஸ்தான் பாலைவனத்துக்குப் போகிறோம் என்றாள். மணலில் கூடாரம் போட்டுத் தங்குவார்களாம். அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே இளைப்பு. குளிர்காற்று பட்டால் போதும், நெஞ்சு விசிலடிக்கும். வாயில் வைத்து உறிஞ்சும் பம்ப்பு இல்லாமல் அவளைக் கடைத்தெருவுக்குக்கூட அனுப்ப மாட்டேன்.

"நம்மூரு வெயில்ல வளந்த பொண்ணு. பாலைவனம் அவள இன்னா பண்ணிடும்?" என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். நானும் அப்படித்தான் நினைத்துப் பருத்திச் சுடிதாராக எடுத்து வைத்திருந்தேன். ராத்திரியில் அங்கே பல்லெல்லாம் கிட்டிக்கொள்ளும் என்று மகள் சொன்னதும் ஸ்வெட்டருக்குக் கடை கடையாக அலைந்தேன்.

"இந்த ஊர்ல யாருங்க ஸ்வெட்டர் போடுறாங்க? கைக்கொழந்தைக்குன்னா இருக்குது" என்றார் ஒரு கடைக்காரர். கடைசியில் வேறொரு கடையின் மேல்தட்டில், தூசி படிந்து, கத்தரிப்பூ நிறத்தில் ஒன்றே ஒன்று கிடைத்தது. அதைத் துவைத்துக் காயப்போட்ட பிறகுதான் எனக்குச் சோறு இறங்கியது.

டார்ச் லைட்டைச் சாக்ஸுக்குள் திணித்தேன். குல்லாவுக்குள் மாத்திரை. பம்ப்பை ஸ்வெட்டரில் சுருட்டிப் பைக்கு நட்டநடுவில் வைத்தேன். தூக்கி ஆட்டிப் பார்த்தால் சத்தமே இல்லை.

ஜங்ஷனில் ரயில் வருவதாக அறிவித்துவிட்டார்கள். "ம்மா, பம்ப்பு எங்க வெச்ச?" என்றாள் மகள்.

"பத்திரமா நட்டநடுவுல வெச்சிருக்கேன்டி."

சொல்லும்போதே எனக்கு உறைத்தது. கூடாரத்து இருட்டில் மூச்சு முட்டும்போது இவள் எப்படி இத்தனையையும் பிரித்துத் தேடுவாள்? பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்து பையைப் பிரித்தேன். துணியெல்லாம் வெளியே வந்து விழுந்தது. ரயில் வந்து நின்றேவிட்டது. பம்ப்பை உருவி அவள் கையில் திணித்தேன். "பாக்கெட்லயே வெச்சிக்கோ, பையில போடாத!" வீட்டுக்காரர் துணிகளை அள்ளிப் பைக்குள் அமுக்கி ஜிப்பை இழுத்தார். அவள் ஓடி ஏறினாள்.

ரயில் நகர்ந்தது. ஜன்னலில் பம்ப்பை ஆட்டிக் காட்டிச் சிரித்தாள். அப்பாடா என்று முகத்தைத் துடைக்கக் கையைத் தூக்கினேன். கன்னத்தில் கம்பளி உரசியது.

"ஏய், நில்லுடி!" என்று கத்திக்கொண்டு பிளாட்பாரம் முடியும் வரை ஓடினேன். நான் டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்து அவளும் கையாட்டினாள். கத்தரிப்பூ ஸ்வெட்டர் என் கையிலேயே இருந்தது.