குவேக்கர் கூடத்தில் துணை கேட்கப் போன ஞாயிறு

ரொறொன்ரோவுக்கு வருகிறவர்கள், சப்வேயில், அதாவது நிலத்தடி ரயிலில், தனியாகப் போகலாமா என்று என்னிடம் கேட்பதுண்டு. எழுபதுகளின் நடுவில், ஒரு ஜனவரி ஞாயிறு, நான் போய்வந்த கதையைச் சொல்கிறேன். நகரின் கிழக்கே ஸ்காபரோவில் எங்கள் வீட்டிலிருந்து வோர்டன் நிலையத்துக்கு பஸ்ஸில் இருபது நிமிடம், பிறகு ரயிலில் அரை மணி. நகரின் நடுவே இருந்த, குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினரின் கூடம்தான் போகவேண்டிய இடம். தூரம் ஒன்றும் பெரிதில்லை. ஆனால் வழியெல்லாம் ஏறுகிறவர்களின் முகத்தைப் பார்த்துக்கொண்டே போனேன்.

இரண்டு வாரத்துக்கு முன் சப்வே மேடையில் இரண்டு பெடியன்கள் தெற்காசியர்களை இழிவாகச் சொல்லும் "பாக்கி" என்ற வசவை என் கணவரைப் பார்த்துக் கத்தி, தண்டவாளப் பக்கம் தள்ளிவிட்டார்கள். தூணைப் பிடித்துத் தப்பினார். அதற்குப் பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. திங்கட்கிழமையும் வராவிட்டால் வேறு ஆளைப் போடுவோம் என்று தொழிற்சாலையில் சொல்லிவிட்டார்கள்.

"இனி என்னால ஏலாது. திருப்பித் தள்ளினா ஆர் பிடிக்கிறது?" என்றார்.

"ஆரும் கூட வந்தா போவீங்களோ?"

"ஓம், போவன். ஆர் வருவினம்?"

எனக்கோ ஆஸ்பத்திரியில் விடியற்காலை வேலை. குவேக்கர்கள் நினைவுக்கு வந்தார்கள். நான் உடுத்த முதல் குளிர்கோட்டே அவர்கள் தந்ததுதான்.

அங்கே பூசகரும் இல்லை, பாட்டும் இல்லை. முதலில் ஒரு மணி நேரம் எல்லோரும் பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அதன் பிறகுதான் அலுவல் கூட்டம். என் கணவருடன் திங்கள் முதல் காலையில் யாராவது ரயிலில் வருவீர்களா என்று கேட்டேன். பல தலைகள் சம்மதமாய் ஆடின. ஆனால் அவர்களிடம் வாக்கெடுப்பு கிடையாது. எல்லோர் மனமும் ஒத்துவந்தால்தான் தீர்மானம். ஹெரால்ட் என்ற ஓய்வுபெற்ற ஆசிரியர் எழுந்து, "எனக்கு மனம் தெளியவில்லை" என்றார். அவ்வளவுதான், விஷயம் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போனது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போருக்கு எதிராக ஊர்வலம் போகிறவர்களுக்கு, ஒரு மனிதனோடு ரயில் ஏற ஒரு மாத யோசனையா? கோட் கொடுத்தபோது எவர் மனமும் தெளியாமல் இருக்கவில்லையே! தந்த தேநீரைத் தொடாமல் கிளம்பினேன்.

ஐந்தரைக்கே இருட்டிவிட்டது. ரயிலில் எனக்கு எதிரே மூன்று பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஒருவன் பூட்ஸால் என் காலை இடித்து, "உன் நாட்டுக்குப் போ" என்றான். பெட்டியில் இருந்த எல்லோரும் பத்திரிகைக்குள் முகத்தை வைத்துக்கொண்டார்கள். அந்த மௌனம்தான் என்னை அதிகம் பயமுறுத்தியது. இறங்கினால் பின்னால் வருவார்களோ என்று உட்கார்ந்தே இருந்தேன்.

அப்போது பெட்டியின் மறுகோடியிலிருந்து ஒருவர் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஹெரால்ட். முழங்காலில் வைத்திருந்த கைகள் நடுங்கின. அவர்கள் அவருடைய தொப்பியைப் பறித்துக்கொண்டு, சிரித்தபடி அடுத்த நிலையத்தில் இறங்கினார்கள்.

வோர்டனில் இறங்கியதும் கேட்டேன், "நீங்கள்தானே தடுத்தீர்கள்?"

"எனக்குப் பயம். பயப்படுகிறவன் மற்றவர்களைப் போகச் சொல்லலாமா என்றுதான் தெளியவில்லை" என்றார். பிறகு, "நாளைக் காலை எத்தனை மணிக்கு?" என்று கேட்டார். "ஏழு" என்றேன். அவர் வீடு நகரின் மேற்குக் கோடியில். திரும்பிப் போகும் ரயிலுக்காக மேடையின் மறுபக்கம் போய் நின்றார்.

பயணம் வருகிறவர்களுக்கு: ரயில் கார்ட் இருக்கும் பெட்டியில் ஏறுங்கள். மேடையில் சுவரோரமாக நில்லுங்கள். முடிந்தால் துணையோடு போங்கள். குவேக்கர் கூடத்துக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள், ஆனால் அவசரக் காரியம் என்றால் தீர்மானத்துக்காகக் காத்திருக்காதீர்கள். எங்கள் விஷயத்தில் அடுத்த மாதமும் தீர்மானம் வரவில்லை.

அந்தத் திங்கள் மாலை கணவர் வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றினார்.

"அந்த மனுசன் வந்து நிண்டவரே?" என்று கேட்டேன்.

"ஓம், தொப்பியும் இல்லாமல் நிண்டவர். ஆளுக்குச் சரியான நடுக்கம். நான்தான் அவற்ற கையைப் பிடிச்சுக் கூட்டிக்கொண்டு போனனான்."