ஆறாம் மேசைக்குப் போன ஆள்

மன்னாரில் சங்கக்கடை மனேச்சராக இருந்த காலத்தில் அருமைநாதனின் சேர்ட் பையில் எப்போதும் இரண்டு பேனை இருக்கும். மொன்றியலுக்கு வந்து எட்டு வருசமாகியும், கோயிலுக்குப் போகிற ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தப் பேனைகள் பையில்தான் இருந்தன. "எங்கை அண்ணை வேலை?" என்று யாரும் கேட்டால், "ஒரு மெக்சிக்கோக் கொம்பனியிலை" என்பார். கொம்பனியாம்! நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் பதினாலு மேசை போட்ட மெக்சிக்கன் சாப்பாட்டுக்கடை அது. இவர் அங்கே சமையல்காரர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள். இவர் ஒரு குசினியையே மறைத்துக்கொண்டு திரிந்தார்.

மறைக்கிற அளவுக்கு அது கேவலமான குசினியும் இல்லை. கோப்பை கழுவத்தான் சேர்ந்தார். செத்தல் மிளகாயை எந்தப் பதத்தில் வறுத்து எடுக்கவேண்டும் என்று மன்னார்க்காரருக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லையே. முதலாளியம்மா இவர் வைத்த சோஸில் ஒரு கரண்டி வாயில் வைத்தாள். அடுத்த கிழமையே அடுப்பை இவரிடம் கொடுத்துவிட்டாள். வெள்ளிக்கிழமைகளில் பார்சல் வாங்க வருகிற சனம் வாசலுக்கு வெளியே பனிக்குள் வரிசையில் நிற்கும்.

அவருடைய மனைவி சிசிலிக்குத் தையல் ஃபாக்டரியில் வேலை. கிழமைக்கு இரண்டு தரம் புருசன் கொண்டுவருகிற பார்சல்தான் அவளுக்குத் தெரிந்த மெக்சிக்கோ. பஸ் மாறி வீடு வந்து சேருவதற்குள் சோளமாவில் சுட்ட மொறுமொறுத்த டாக்கோ ஓடெல்லாம் நனைந்த கடதாசி மாதிரி ஆகியிருக்கும். அதைத் தோசைக்கல்லில் போட்டுச் சூடாக்கிச் சாப்பிடுவாள்.

"இஞ்சேருங்கோப்பா, ஒருநாளைக்கு அங்கை வந்து மேசையிலை இருந்து சுடச்சுடச் சாப்பிடோணும்போலை கிடக்கு."

"உமக்கென்ன விசரே? நானே செய்யிறதை நீர் அங்கை வந்து தின்னோணுமே? வரவேண்டாம். எங்கட கோயில் சனம் ஆரும் கண்டால் கதை கட்டிவிடும்."

ஐந்து வருசம் இதே கேள்வி, இதே பதில். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள்.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு வைகாசியில் ஒரு வெள்ளி மத்தியானம். சாப்பாட்டுத் தட்டுகளை வெளியே தள்ளுகிற சின்ன ஜன்னலால் எட்டிப் பார்த்த அருமைநாதனுக்குக் கை அப்படியே நின்றுவிட்டது. ஆறாம் மேசையில் ஏழு பெண்கள். நடுவில் சிசிலி. உயிர்த்த ஞாயிறுக்கு எடுத்த நீலச் சேலை கட்டியிருந்தாள். ஃபாக்டரியில் யாரோ ஓய்வு பெறுகிறாள், விருந்து வைக்கிறார்கள் என்று அவள் முதல்நாள் சொன்னது ஞாபகம் வந்தது. எங்கே என்று இவர் கேட்கவில்லை. வேலை நாளில் எதற்குச் சேலை என்று அன்று காலையிலாவது யோசித்திருக்கலாம். அதையும் யோசிக்கவில்லை.

ஆனால் சமைத்தார். அன்றைக்குச் சமைத்ததுபோல் அவர் ஒருநாளும் சமைத்ததில்லை. சிசிலி டாக்கோவைக் கடிக்க, அது உடைந்து சேலையில் கொட்ட, அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பதை ஜன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தார்.

அப்போது பரிமாறுகிற செலீன் வந்தாள். ஆறாம் மேசைக்காரர் சமைத்த ஆளைப் பார்க்கவேண்டுமாம், வந்தே ஆகவேண்டுமாம்.

அருமைநாதன் குனிந்து தன்னைப் பார்த்தார். நெஞ்சிலிருந்து முழங்கால்வரை சிவப்புச் சோஸ், தலையில் வலைத் தொப்பி. இந்தக் கோலத்தில் போய் நின்றால் அவளுக்கல்லவா மானக்கேடு என்று நினைத்தார். மானம் அவளுடையதா, தன்னுடையதா என்று கேட்டுப் பார்க்க மனுசனுக்கு அந்த நேரம் புத்தி வரவில்லை. பக்கத்தில் மரக்கறி வெட்டிக்கொண்டு நின்றார் ஞானேந்திரன். இவருடைய வயதுதான், வேலைக்கு வந்து பத்து நாள், அன்றைக்குத் தோய்த்த வெள்ளைக் கோட்டு.

"ஞானேந்திரன், நீர் ஒருக்காப் போய்த் தலையைக் காட்டிப்போட்டு வாரும்."

வெளியே கைதட்டல் கேட்டது. திரும்பி வந்த ஞானேந்திரனின் இரண்டு கன்னத்திலும் லிப்ஸ்டிக்.

"ஒரு வெள்ளைக்கார அம்மா கட்டிப்பிடிச்சுக் கொஞ்சிப்போட்டா, நாதன். அங்கை எங்கட தமிழ்ப் பொம்பிளை ஒராள் இருக்கிறா. அவவுக்குப் பக்கத்திலை ஒரு கதிரையை வெறுமனே விட்டு வைச்சு, அதிலை என்னை இருக்கச் சொல்லி ஒரே கரைச்சல். என்னை அவவின்ரை புருசன் எண்டு நினைச்சிட்டினம்போலை. நான் மெர்சி, மெர்சி எண்டு நன்றி சொல்லிப்போட்டு ஓடி வந்திட்டன்."

"அவ என்ன சொன்னவ?"

"ஒண்டுமில்லை. குனிஞ்சுகொண்டு இருந்தவ."

அருமைநாதன் ஜன்னலுக்கு ஓடினார். கதிரை வெறுமையாகத்தான் இருந்தது. குசினிக் கதவைத் தள்ளினால் நாலு எட்டு. அந்த நாலு எட்டை வைத்திருந்தால் எல்லாம் சரியாகிப்போயிருக்கும். கால் வரவில்லை. பெண்கள் எழும்பிப் போய்விட்டார்கள்.

அன்று வீட்டுக்குப் பார்சல் கொண்டுபோகவில்லை. சிசிலி சேலையில் பட்ட கறையைச் சவர்க்காரம் போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீர் வெக்கப்படுவீர் எண்டு நினைச்சன்."

"நான் ஏனப்பா வெக்கப்பட? அந்தக் கடைக்குத்தான் போகோணும் எண்டு நானல்லே பிடிவாதம் பிடிச்சனான். என்ரை மனுசன்தான் அங்கை சமைக்கிறார், வந்து எங்களோடை இருப்பார் எண்டு மூண்டு கிழமையாச் சொல்லிக்கொண்டு திரிஞ்சன்."

"பிறகேன் அது நானில்லை எண்டு சொல்லேல்லை?"

"சொன்னால், உன்ரை மனுசன் ஏன் வரேல்லை எண்டு கேட்டிருப்பினம். அதுக்கு என்னட்டை மறுமொழி இல்லை. அதாலை அவரையே நீங்களெண்டு விட்டிட்டன்."

அவள் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் அவருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

அந்த மார்கழியில் ஃபாக்டரியில் நத்தார் பண்டிகை விருந்து, குடும்பத்தோடு வரச்சொல்லி. அவள் கேட்காமலே அருமைநாதன் லீவு எடுத்தார். சேர்ட்டை அயன் பெட்டியால் மினுக்கிப் போட்டார். பேனை இரண்டையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு, நீலச் சேலையோடு வாசலில் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்த சிசிலியிடம் வந்தார்.

"நானும் வாறன்."

சிசிலி நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபம் இல்லை.

"வாங்கோ. ஆனால் ஆரெண்டு சொல்லுறது?"