கூட்டுக்குள்ளிருந்து கூவிய குளக்கோழி

வைகாசி நடுவில் இடவப்பாதி மழை தொடங்கினால் எங்கள் வீட்டுக்குப் பின்னால் குளக்கோழிகள் கூவத் தொடங்கும். நெல் விதைக்காமல் கிடக்கிற எங்கள் வயலில் இப்போது சேம்பும் கைதை என்கிற தாழம்புதரும் தண்ணீரும்தான். வயலை ஒட்டி ஓடுகிற தோட்டுக்கு, அந்தச் சின்ன ஓடைக்கு, இந்தப் பக்கம் ஒரு ஜோடி, அந்தப் பக்கம் இன்னொரு ஜோடி. சேவல்கள் இரண்டும் தோட்டுக் கரையில் நின்று வாலை ஆட்டிக் கத்தும், தண்ணீரில் இறங்கிக் காலால் உதைத்துக்கொள்ளும். அந்தப் பக்கத்துச் சேவல் இந்தப் பக்கம் கால் வைத்தால் கொத்து வாங்காமல் போனதில்லை. இந்தப் பக்கத்துச் சேவல் தன் பெட்டையின் கழுத்தை அலகால் கோதிக் கொடுக்கிறதைப் புல் அறுக்க மறந்து பார்த்து நின்றிருக்கிறேன். கைதைப் புதருக்குள் அதுகள் முட்டை வைத்திருந்தன.

அன்று காலையில் சத்தம் மாறிக் கேட்டது. எங்கள் வயலுக்கு நடுவில் வேறொரு சேவல் கூவுகிறது, இடம் மாறாமல் கூவுகிறது. இறங்கிப் போய்ப் பார்த்தேன். வரப்பில் ஒரு கம்பிக் கூடு, அதற்குள் பழக்கிய சேவல். சுற்றிலும், சண்டைக்கு வருகிற சேவலைச் சிக்கவைக்க நைலான் கண்ணி. சேம்பு மறைவில் ஒருவன் குந்தியிருந்தான், இடுப்பில் வெட்டுகத்தி. முன்பின் பார்த்திராத முகம்.

வீட்டில் வேறு ஆள் இல்லை.

"அம்மச்சி, சத்தம் போடாம வீட்டுக்குப் போங்க."

"எலே, இது எனக்க வயலாக்கும்."

"வயலு உங்களுக்குள்ளது. கோழிக்கும் சேத்தா வரி கெட்டுதிய?"

நான் நின்றால் எங்கள் சேவல் வராது என்று நினைத்து அங்கேயே நின்றேன். முட்டை வைத்த காலத்தில் அதற்கு ஆள் பயம் கிடையாது என்பது அப்போதுதான் தெரிந்தது. என்னைக் கண்டால் ஓடி ஒளிகிற பறவை, கழுத்தை நீட்டிக்கொண்டு கண்ணியை நோக்கி நேராக வந்தது.

தோளில் கிடந்த நேரியலை உருவிக் கூட்டின்மேல் போட்டேன். எங்கள் பெண்கள் முற்காலத்தில் மாரை மறைக்க அடிவாங்கி உரிமை பெற்று உடுத்திய மேல்துணி. அது இல்லாமல் நான் முற்றத்தில்கூட இறங்கியவள் இல்லை.

துணி மூடிக் கூடு இருட்டானதும் உள்ளே இருந்த சேவல் வாயடைத்துப் போனது. எங்களுடையது ஒரு காலைத் தூக்கியபடி நின்றது. சண்டைக்கு ஆளைக் காணோம். வாலைச் சொடுக்கிக்கொண்டு கைதைக்குத் திரும்பியது.

அவன் எழுந்து வந்தான். வெட்டப்போகிறான் என்றே நினைத்தேன். மாரின் குறுக்கே கையைக் கட்டிக்கொண்டு வெறும் ஜம்பர் ரவிக்கையோடு நின்றேன். அருகில் வந்தவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

"துணிய எடுத்து உடுங்க அம்மச்சி. நாணக்கேடு."

"நீ கண்ணிய அவுத்து எடு. பொறவு உடுக்கேன்."

முணுமுணுத்தபடி ஒவ்வொன்றாகப் பிடுங்கினான். என்னைப் பாராமலே துணியை நீட்டிவிட்டுக் கூட்டைத் தூக்கிக்கொண்டு போனான். நேரியலை எடுத்து உடுத்திக்கொண்டேன். சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அவன் திரும்பி வந்தால் என்ன செய்வேன் என்று தெரியாது. குஞ்சு பொரிக்கிறவரை தினமும் பயந்து பயந்துதான் வயலில் இறங்கினேன். ஒருநாளும் இறங்காமல் இருக்கவில்லை.