பதில் சொல்லாத பெட்டி

சந்திரகிரியைத் தாண்டியதும் ஸ்பீடோமீட்டர் முள் பூஜ்யத்தில் விழுந்தது. கார் எண்பதில் ஓடிக்கொண்டிருந்தது. ஏபிஎஸ் விளக்கும் ஸ்டியரிங் விளக்கும் சேர்ந்து எரிந்தன. பக்கத்தில் என் மனைவி கண்ணை மூடியிருந்தாள். அவளுக்கு இதய வால்வு மாற்ற, திருப்பதி மருத்துவமனையில் அடுத்த திங்கட்கிழமைக்குத் தேதி வாங்கிக்கொண்டு சித்தூர் திரும்பிக்கொண்டிருந்தோம். தவறவிட்டால் மறுபடி வரிசையின் கடைசி. வாடகைக் காரில் ஏறமாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டாள். அவர்கள் ஓட்டும் வேகத்துக்கு நெஞ்சு தாங்காதாம்.

பேருந்துப் பணிமனையில் பழுது பார்க்கும் முறைகளை எழுதிக் கையெழுத்திட்டே ஓய்வு பெற்றவன் நான். மறுநாள் சித்தூர் மெக்கானிக்கிடம் அந்த முறையின் முதல் விதியைச் சொன்னேன்: வண்டி காட்டும் எரர் கோடு எண்களைப் படி, குறித்துக்கொள், பிறகு அழி. சொல்லி முடிப்பதற்குள் அழித்துவிட்டான்.

"லைட்டு போயிடுச்சு சார். இன்க ஏமி லேது, வேற ஒண்ணுமில்ல."

"ரிப்போர்ட்ட கிழிச்சிட்டா நோய் போயிடுமாப்பா?"

சிரித்துவிட்டு அடுத்த வண்டிக்குப் போனான்.

வீடு வந்து சேர்வதற்குள் விளக்கு மறுபடி எரிந்தது. போன சாட்சி திரும்பி வந்ததே என்று இருந்தது. கோடு படிக்கும் என் ஸ்கேனரை மாட்டினேன். என்ஜின், ஸ்டியரிங், மீட்டர் ஆகிய மூன்று கம்ப்யூட்டர் பெட்டிகளும் ஒரே புகாரைச் சொல்லின: பிரேக்கையும் சக்கர வேகத்தையும் கவனிக்கும் ஏபிஎஸ் பெட்டியிடமிருந்து தகவல் இல்லை. அந்தப் பெட்டியைக் கேட்டால் பதிலே இல்லை. அலுவலகமாக இருந்தால் அதற்கு ஒரு மெமோ கொடுத்திருப்போம். வண்டியில் அப்படியில்லை, அதற்குச் சோறு போகிறதா என்று பார்க்க வேண்டும். பவர் வந்தது. எர்த் வரவில்லை.

பானட்டுக்குள் டார்ச் அடித்தேன். எர்த் போல்ட் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தது. அதற்கு நேர் மேலே கறுப்புத் துணியில் ஒரு முடிச்சு. திருஷ்டிக்குக் கட்டும் படிகாரம். மழையில் கரைந்து போல்ட்டின்மேல் சொட்டியிருக்கிறது.

காணிப்பாக்கம் கோயிலில் வண்டிக்குப் பூஜை போட்ட அன்று என் மனைவி அதை முன்னால் கட்டப் போனாள். படித்தவன் வண்டியில் இதெல்லாம் தொங்கக் கூடாது என்று நான் பெரிய பேச்சு பேசினேன். இப்போது அவளைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"வெளியில தெரியக்கூடாதுன்னு சொன்னீங்க இல்ல? அதான் உள்ள கட்டினேன்" என்றாள்.

முடிச்சை அவிழ்த்து எடுத்தேன். பேட்டரியைக் கழற்றி, போல்ட்டைச் சுரண்டி, புது வளையம் போட்டு இறுக்கினேன். கோடுகளைக் குறித்துக்கொண்டு அழித்தேன். சந்திரகிரி வரை தனியாக ஓட்டிப் போய்த் திரும்பினேன். ஒன்றும் எரியவில்லை. ஆனால் சோதனையில் வராத பழுது தீர்ந்த பழுது ஆகாது என்று எழுதி வைத்தவனும் நான்தான். திங்கள் வரை தூக்கம் சரியில்லை.

திங்கட்கிழமை காலை மருத்துவமனைக்குக் கிளம்பும்போது, அவள் கேட்பதற்கு முன்பே புதுப் படிகாரத்தை முன்னால், நம்பர் பிளேட்டுக்குக் கீழே கட்டினேன். அவள் பார்த்துவிட்டு ஏறி உட்கார்ந்தாள். சாலையில் என் கண் மீட்டரிலேயே இருந்தது. ஒரு லாரியை ஒட்டிப் போய்விட்டேன்.

"நீங்க ரோட்ட பாருங்க. முள்ள நான் பாத்துக்கினு வரேன்."

அதன் பிறகு அவள்தான் பார்த்தாள். சந்திரகிரி நெருங்கியது. பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. திரும்பிப் பார்க்கவும் பயம்.

"முள்ளு இன்னா சொல்லுது?"

"அறுவதுலயே நிக்குது. பேசாம ஓட்டுங்க."