சிஃபானியாவுக்கு ஒரு பாவித்த போர்ட்

1. மூன்றாவது போர்ட்

மூன்றாவது சேர்ஃப் போர்ட்டையும் சிஃபானியா திருப்பிக் கொண்டுவந்த அன்று எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. முன்னால் அவருடைய கணவர் ஜவ்ஃபர் போர்ட்டைத் தோளில் சுமந்து வந்தார். பின்னால் உடுப்பெல்லாம் சொட்டச் சொட்ட சிஃபானியா வந்தார்.

"இதுவும் தாழுது காக்கா." எங்கள் பக்கம் அண்ணனைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"தாழுதா? இதில வெள்ளைக்காரன் ரெண்டு பேர் ஏறினாலும் தாழாது புள்ள."

"அப்ப வெள்ளைக்காரனுக்கே குடுங்க. நான் ஏறினா தாழுது."

நான் கல்முனைக்காரன். வாலிபத்தில் அங்கே ஃபைபர் தோணி செய்யும் பட்டறையில் வேலை. பிறகு பொத்துவிலில் கலியாணம் முடித்து, எங்கள் ஊர் வழக்கப்படி மனைவியின் வீட்டுக்கே வந்து சேர்ந்தேன். பக்கத்து அறுகம்பே கடற்கரையில் அலையில் ஏறி ஓடுகிற சேர்ஃப் போர்ட் உடைந்தால் ஒட்டிக் கொடுப்பதில் தொடங்கி, பாவித்த போர்ட் வாங்கி விற்கும் கடை வரைக்கும் வந்தது தொழில். சீசன் முடிந்து ஊருக்குப் போகிற வெளிநாட்டுக்காரர்கள் போர்ட்டைத் திரும்பச் சுமக்க மனமில்லாமல் என்னிடம் விட்டுவிட்டுப் போவார்கள். அதைத் திருத்தி நம்முடைய ஆட்களுக்குக் கொடுப்பேன். என் கடையில் எடுத்த போர்ட்டை மூன்று தரம் திருப்பிக் கொண்டுவந்த ஒரே ஆள் சிஃபானியாதான்.

அவருக்கு அவசரம் இருந்தது. ஒரு வெளிநாட்டுப் பெண் நான்கு சீசனாக எங்கள் ஊர்ப் பெண்களுக்கு அலையில் ஏறப் பழக்கிக் கொண்டிருந்தார். அடுத்த வருடம் அவர் வரமாட்டார். சிஃபானியா பச்சை அலையில், அதாவது இன்னும் உடையாத அலையில், தானாக ஏறிப் பக்கவாட்டில் திரும்பப் பழகிவிட்டால் வகுப்பை அவரிடமே ஒப்படைப்பதாகச் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் வகுப்பு அதோடு சரி. ஆண்களிடம் பழக எங்கள் வீடுகளில் பெண்களை விடமாட்டார்கள். சிஃபானியாவோடு இன்னும் ஐந்து பெண்கள் பழகிக் கொண்டிருந்தார்கள். சீசன் முடியக் கொஞ்ச நாள்தான் இருந்தது.

2. போர்ட் பார்க்கிற விதம்

இப்போது கடை வைத்திருக்கும் தம்பிமாருக்காக இதைச் சொல்கிறேன். ஃபோனில் படம் பார்த்துப் போர்ட் வாங்குகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். படத்தில் எல்லாப் போர்ட்டும் மாப்பிள்ளை மாதிரித்தான் நிற்கும்.

முதலில், கால் வழுக்காமல் மேலே பூசியிருக்கிற வக்ஸ் மெழுகை முழுக்கச் சுரண்டிவிடுங்கள். வெடிப்பெல்லாம் அதற்குக் கீழேதான் ஒளிந்திருக்கும். பெருவிரலால் அங்குலம் அங்குலமாக அமத்திப் பாருங்கள். மெத்தை மாதிரி உள்ளே போனால் ஃபைபர் கழன்றுவிட்டது. விரல் மொழியால் தட்டிக்கொண்டே போங்கள், சத்தம் மாறுகிற இடத்தில் நில்லுங்கள். வெடிப்பில் மூக்கை வைத்துப் பாருங்கள். புளித்த வாசம் வந்தால் உள்ளே கடல் தண்ணீர் கிடக்கிறது. வாலுக்கு அடியில் ஃபின் என்கிற செட்டை பூட்டுகிற இடம் ஆடுகிறதா என்று பாருங்கள். ஒட்டுப்போட்ட போர்ட் என்று ஒதுக்க வேண்டாம். காய்ந்த பிறகு ஒட்டியிருந்தால் ஒட்டு நல்ல ஒட்டுத்தான்.

அதற்குப் பிறகுதான் அளவு. உடைந்த அலையின் வெள்ளை நுரையில் எழும்பி நிற்கப் பழகி, பச்சை அலைக்குப் போகிற ஆளுக்கு, பழகுநர்களின் பெரிய ஸ்பொஞ் போர்ட் இனிச் சரிவராது. பொடியன்மார் ஓடுகிற சின்னப் போர்ட்டும் சரிவராது, மிதக்கவே விடாது. நடுவில் ஒன்று வேண்டும். ஆளின் நிறைக்கு இத்தனை லீற்றர் போர்ட் என்று ஒரு கணக்கு உண்டு. ஆண்பிள்ளை வந்தால் "எத்தின கிலோடா?" என்று கேட்டு முடித்துவிடுவேன். ஒரு வீட்டுப் பெண்ணிடம் அதை எப்படிக் கேட்கிறது?

ஜவ்ஃபரிடம் கேட்டேன். அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி கடலைப் பார்த்தார்.

"ஒரு அம்பத்தஞ்சு வரும் காக்கா," என்றார் ஜவ்ஃபர்.

கடைக்குப் பின்னால் மீன் கழுவிக் கொண்டிருந்த என் மனைவி ரஹ்மத் தலையைத் தூக்காமலே, "அறுவதாப் போடுங்க," என்றாள். நான் அறுபதாகவே போட்டேன்.

அப்படித்தான் முதல் போர்ட்டை எடுத்தேன். ஏழடி நாலு அங்குலம், வெயிலில் மஞ்சளாகிப்போன உடம்பு, வாலில் நான் போட்ட ஒட்டு. பார்க்க அழகில்லை. ஆனால் தட்டினால் வால் முதல் மூக்கு வரை ஒரே சத்தம். அவருக்கென்றே செய்தது போல இருந்தது. இரண்டு நாளில் அது திரும்பி வந்தது. அதைவிட நீளமானது கொடுத்தேன், அதுவும் வந்தது. மூன்றாவதாகக் கொடுத்த எட்டடியும் திரும்பி வந்த காலையைத்தான் மேலே சொன்னேன்.

3. வாளி

போர்ட்டுக்குள் தண்ணீர் போயிருக்கும் என்றுதான் நினைத்தேன். மூன்றையும் மூக்குக் கீழே இருக்கும்படி வெயிலில் சாய்த்து வைத்தேன். ஒரு சொட்டு வரவில்லை. எனக்கு மானம் போய்விட்டது. கடைசியில் ஒன்பதடிப் போர்ட்டை இறக்கினேன்.

"இதக் கொண்டு போங்க. இது கட்டாயம் தாழாது."

"இது திரும்புமா காக்கா?" என்று கேட்டார் சிஃபானியா.

அவருடைய பழக்கத்துக்கு அது திரும்பாது. நேராகக் கரைக்குத்தான் கொண்டுவந்து விடும்.

"நேராப் போறதுக்கு எனக்கு ஸ்பொஞ் போர்ட் போதுமே. திரும்பிக் காட்டினாத்தான் வகுப்ப எனக்கிட்ட தருவாங்க." ஒன்பதடியை என் பக்கமே தள்ளிவிட்டார். "இல்லாட்டி மறுகா அந்த அஞ்சு புள்ளையளும் எங்க போற?"

பெண்கள் பழகுகிற இடத்தில் போய் நின்று பார்க்க எனக்கு ஏலாது. அடுத்த நாள் காலையில் ரஹ்மத்தை அனுப்பினேன். அவளுக்குப் போர்ட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது, கண் மட்டும் கூர்மை. வெயில் ஏறத் திரும்பி வந்தாள். ஜவ்ஃபரும் நானும் கடை வாசலில் பால் போடாத பிளேன்ரீ குடித்துக் கொண்டிருந்தோம். அவள் கையில் ஒரு வாளி. சிஃபானியா உடுப்பு மாற்றிக்கொள்ள, கழற்றிய ஈர உடுப்பைப் பிழியாமல் அப்படியே வாளியில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"வாளிக்குள்ள கிடக்கிறதத் தூக்கிப் பாருங்க," என்றாள்.

தூக்கினேன். ஆட்டுக்குட்டியைத் தூக்கினது போல இருந்தது. நீளச் சட்டை, காற்சட்டை, தலைத்துணி, எல்லாம் கைத்தறிப் பருத்தித் துணி, எங்கள் பேச்சில் சீலை. நல்ல தடிப்பு.

"போர்ட்டில படுத்திரிக்கக்குள்ள முதுகில ஏறின தண்ணி இறங்குதில்ல. எழும்பப் போனா முழங்காலச் சுத்துது. பாவம், அந்தப் புள்ள சீலையோட சண்ட பிடிக்கிது," என்று சொன்னவள், ஜவ்ஃபரின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள்.

எனக்கும் அப்போதுதான் விளங்கியது. ஜவ்ஃபர், நெசவுக்குப் பேர்போன மருதமுனைக்காரர். அவருடைய வாப்பாவும் வாப்பாவின் வாப்பாவும் நெசவாளர்கள். இவரும் பொத்துவிலில் கைத்தறிச் சீலைதான் விற்கிறார். மனைவி கடலுக்குப் போகப்போகிறாள் என்று தெரிந்ததும், உடம்பில் ஒட்டாத, உள்ளே தெரியாத சீலை வேண்டும் என்று வாப்பாவின் தறியில் சொல்லி நெய்வித்துக் கொண்டுவந்தவர் அவர். ஊரில் நாலு பேர் நாலு விதமாகக் கதைத்தபோது மனைவிக்காக நின்ற மனுசன். அவருக்கு முன்னால் அந்தச் சீலையை யார் குறை சொல்வது?

அவரே எழும்பி வாளிக்குக் கிட்ட வந்தார். சட்டையை எடுத்து இரண்டு கையாலும் முறுக்கினார். தண்ணீர் வாசலெல்லாம் ஓடியது. விரித்து, திரும்பவும் முறுக்கினார். இன்னும் வந்தது.

"எங்கட சீலை நல்லாத் தண்ணி குடிக்கும் காக்கா. வேர்வைக்கு நல்லம் எண்டு ஆக்கள் தேடி வந்து வாங்குற." சட்டையை வாளிக்குள் திரும்பப் போட்டார். "கடலுக்குச் சரிவராது."

அன்று பகலே கல்முனைக்கு பஸ் ஏறினார். தண்ணீர் பிடிக்காத, இழுபடுகிற நீலச் சீலையோடு அடுத்த நாள் வந்தார். கடைக்காரர் இவரைத் தெரிந்த ஆளாம். "என்ன ஜவ்ஃபர், மருதமுனையான் இப்ப நைலோன் சீலை வாங்கவோ?" என்று எல்லோருக்கும் கேட்கச் சிரித்தாராம். இவரும் சிரித்துவிட்டு, ஆறு பேருக்குப் போதுமானதாக வெட்டச் சொல்லியிருக்கிறார். நினைத்தால் இன்றைக்கும் எனக்கு அந்த மனுசனைக் கட்டிப்பிடிக்கத் தோன்றும்.

சிஃபானியா உடம்பில் ஒட்டாதபடி தொளதொளவென்று தைத்துக்கொண்டார். நான் முதலில் கொடுத்த மஞ்சள் போர்ட்டை மறுபடியும் எடுத்துப் போனார். வெளிநாட்டுப் பெண் புறப்படுகிற கிழமையில் ஒருநாள், தெருவில் "மாஷா அல்லாஹ்!" என்று ஜவ்ஃபர் கத்துகிற சத்தம் என் கடைக்குள் கேட்டது. ரெசின் பசை பூசிய கையோடு வெளியே ஓடினேன். சிஃபானியா பச்சை அலையில் ஏறி இடப்பக்கம் திரும்பி ஓடினாராம். நான் காணவில்லை, கண்டவர்கள் சொன்னார்கள். வகுப்பு அவருக்குக் கிடைத்தது.

4. கடைசியாக

இப்போது கடையை மூடிவிட்டேன். ரெசின் தூள் நெஞ்சுக்கு ஆகாது என்று டொக்டர் சொல்லிவிட்டார். காலையில் எழும்பியதும் கை சும்மா எதையாவது தட்டிப் பார்க்கிறது. சீசன் முடிகிற நாட்களில் கடை நிறைய நின்ற போர்ட்டுகளை நினைத்தால் மனம் ஒரு மாதிரியாகிவிடும்.

நான் படித்துக்கொண்டது இதுதான் தம்பிமார். போர்ட் சரியில்லை என்று ஆள் வந்தால் போர்ட்டை மட்டும் தட்டிக்கொண்டிருக்க வேண்டாம். அந்த ஆள் கடலுக்கு என்னத்தோடு போகிறார் என்று கேளுங்கள். நாங்கள் பாவிக்கிற கணக்கெல்லாம் வேறு நாட்டில் அரை உடுப்போடு குளிக்கிற ஆட்களுக்குப் போட்டது.

வகுப்பு கைமாறியதற்கு அடுத்த சீசனில் சிஃபானியாவின் வகுப்பில் புதிதாகச் சேர்ந்தவர்களில் வயதில் மூத்தவள் ரஹ்மத். எனக்கு முதல்நாள் இரவுதான் சொன்னாள். காலையில் நானும் பின்னாலேயே போனேன். கடலோரத்தில் பிறந்து வளர்ந்தவள். அவள் கணுக்காலுக்கு மேல் கடலில் இறங்கி நான் கண்டதே இல்லை. அன்று நீலச் சட்டையோடு இடுப்பளவு தண்ணீரில், போர்ட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அலை வந்து முகத்தில் அடித்தது. சின்னப் பிள்ளை மாதிரிச் சிரித்தாள். எனக்குப் பயமாகவும் இருந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது. அப்போது அவள் என்னைக் கண்டுவிட்டாள்.

"இஞ்ச என்ன பாத்துக்கிட்டு நிக்கீங்க? பொம்புளையள் குளிக்கிற இடம், போங்க அங்கால!"

நான் போனேன்.