கடற்காற்றும் கச்சானும் மோதிய பகல்

வானிலை கணிப்பது என் தொழில். வேலை கொழும்பில், பிறந்தது கல்முனைக்குப் பக்கத்திலுள்ள சாய்ந்தமருதில். வெளிநாடுகளிலிருந்து வரும் வானிலை அதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுப்பதும் சில வருடங்களாக என் பொறுப்பு. பெரும்பாலும் அது குளிரூட்டிய அறைக்குள்ளேயே முடிந்துவிடும். ஒரு ஓகஸ்ட் மாதம், பயிற்சியின் கடைசி நாட்களுக்கு மட்டும் அவர்களை என் ஊருக்குக் கூட்டிவந்தேன்.

வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் மாலைதீவுக்காரர், கலகலப்பானவர். மற்றவர் பூட்டானைச் சேர்ந்த பெண், என் வயதுதான் இருக்கும். கேள்வி கேட்டால் உடனே பதில் சொல்லமாட்டார்.

முதல் நாள் எங்கள் வீட்டில் சாப்பாடு. மாவடிப்பள்ளியில் வயல் செய்கிற என் அண்ணன், நான் காக்கா என்று கூப்பிடுகிறவர், சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்:

"தங்கச்சி, உன்ட ஆக்கள்ட்ட கேட்டுச் சொல்லு. நாளைக்கு வெட்டுற மெசின் வருது. மழை வருமா?"

நான் மொழிபெயர்த்தேன். இருவரும் சிரித்தார்கள். காக்கா சிரிக்கவில்லை என்று கண்டதும் நிறுத்திக்கொண்டார்கள். விளைந்த வெள்ளாமை வயலில் நின்றது. வெட்டின நெல்லை ரோட்டில் பரப்பித்தான் காயவைப்பார்கள். ஒரு மழை போதும், எல்லாம் பழுதாகிவிடும்.

மாலைதீவுக்காரர் மடிக்கணினியைத் திறந்து பார்த்தார். "மழை இல்லை. தென்மேல் காற்று ஈரத்தையெல்லாம் மலைநாட்டில் கொட்டிவிட்டுத்தானே இங்கே வருகிறது" என்றார். நானும் மனதுக்குள் அதையேதான் நினைத்தேன். பூட்டான்காரி மட்டும், "காலையில் பலூன் விட்டபிறகு சொல்கிறேன்" என்றார்.

அடுத்த நாள் விடியற்காலை, நான் சுபஹு தொழுததும் கடற்கரைக்குப் போனோம். தோணிகளுக்கு அப்பால் வேனை நிறுத்தி, வெள்ளைப் பலூனில் ஹீலியம் வாயுவை நிரப்பத் தொடங்கினோம். திரும்பிப் பார்த்தால் பூட்டான்காரியைக் காணவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார்.

"கொழும்பில்தான் கடலைப் பார்த்தீர்களே?" என்றேன்.

"அது வேறு கடல். இது வங்காள விரிகுடா." குனிந்து இரண்டு கையாலும் தண்ணீரை அள்ளினார். "எங்கள் வீட்டு மழை இந்தக் கடலில் இருந்துதான் வருகிறது. எத்தனையோ வருடம் வரைபடத்தில் அம்புக்குறி போட்டுக் காட்டியிருக்கிறேன். தொட்டது இப்போதுதான்."

எனக்கு மீனும் பயமும் தந்த கடல் அது. பிறந்த நாள் முதல் என் வாசலில்தான் கிடக்கிறது. ஆனால் அவருடைய விரலிடுக்கில் வழிந்த தண்ணீரைப் பார்த்தபோது, எங்கோ பனிமலைச் சரிவில் ஒரு வீட்டுக் கூரை நனைவது தெரிந்த மாதிரி உடம்பு சிலிர்த்தது.

பலூனை அவரே விட்டார். அது கடல்பக்கம் சாய்ந்து ஏறி, பொட்டாகி, மறைந்தது. அதில் கட்டியிருந்த சிறு கருவி மேலேயிருந்து அனுப்பிய எண்கள் ஒவ்வொன்றாகத் திரையில் விழுந்தன. அவர் நெடுநேரம் பார்த்தார்.

"கீழே நிறைய ஈரம் இருக்கிறது. அதைத் தூக்கிவிட ஒன்று வேண்டும். மத்தியானம் கடற்காற்று உள்ளே வந்து உங்கள் கச்சானோடு மோதினால் போதும்."

கச்சான் என்பது மேற்கேயிருந்து வரும் சூடான காற்று. அந்தப் பெயரை அவர் என்னிடம்தான் கற்றிருந்தார்.

காக்காவுக்கு அழைத்தேன். "ரெண்டு பேரும் ரெண்டு கதை சொல்றாங்க காக்கா."

"நீ யார்ட கதைய நம்புற?"

பயிற்சியில் கணிப்பது அவர்கள் வேலை, நான் வாய் திறக்கக்கூடாது. கைபேசியின் ஒலியைக் கூட்டிப் பூட்டான்காரி முன்னால் நீட்டினேன். "இப்போதே வெட்டச் சொல்லுங்கள். ரோட்டில் பரப்பவேண்டாம். மத்தியானத்துக்குள் கூரைக்குள் போகட்டும்" என்றவர், என்னிடம் மெதுவாக, "என் பதிலுக்காக ஒருவர் இப்படிக் காத்திருக்க, நான் இதுவரை கணித்ததில்லை" என்றார்.

நான் தமிழில் சொன்னேன். "சரி" என்றார் காக்கா. அவ்வளவுதான்.

நாங்கள் வயலுக்குப் போனபோது மத்தியான ளுஹர் தொழுகை முடிந்திருந்தது. வானத்தில் ஒன்றுமில்லை. நெல் மூட்டைகள் எல்லாம் கொட்டிலுக்குள். தூரத்தில் யாரோ வைக்கோல் எரித்த புகை கடல்பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. மாலைதீவுக்காரர் என்னைப் பார்த்துக் கண் சிமிட்டினார்.

பிறகு அந்தப் புகை நிமிர்ந்தது. தூண் மாதிரி அசையாமல் நின்றது. கொஞ்ச நேரத்தில் மேற்கே மடங்கியது. என் பிடரியில் குளிர்ந்த, உப்புக் காற்று பட்டது. கடற்காற்று வந்துவிட்டது. காற்றும் காற்றும் முட்டிய இடத்தில், வயல்களுக்கு மேலே, வடக்குத் தெற்காக ஒரே கோட்டில் மேகங்கள் எழும்பின. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கவே வீங்கின, அடி கறுத்தது. இதைத் திரையில் நூறு தடவை காட்டியிருக்கிறேன். அதற்குச் சத்தம் உண்டென்று எனக்குத் தெரியாது. நெல்தாள்கள் முழுக்கச் சரசரத்தன, பிறகு இடி.

மழை கொட்டியது. ஆனால் ரோட்டுக்கு இந்தப்பக்கம் மட்டும். மாலைதீவுக்காரர் கைபேசியோடு ரோட்டைக் கடந்து போயிருந்தார். அங்கே வெயில். தார் வெளுத்துக் காய்ந்துகிடந்தது. அவர் அந்தப்பக்கம் நின்று, "நான் சொன்னதும் சரிதான்!" என்று கத்தினார். பூட்டான்காரி தொப்பலாக நனைந்தபடி சிரித்தார். காக்கா கொட்டில் வாசலில் நின்று, "அவவ உள்ளுக்கு வரச் சொல்லு, காய்ச்சல் வந்திரும்" என்றார்.

'சில இடங்களில் மழை பெய்யக்கூடும்' என்று அறிக்கையில் எத்தனையோ தடவை எழுதியிருக்கிறேன். சலிப்பான வரி. இப்போது அந்தச் 'சில இடங்கள்' முடிகிற ஓரத்தில் நின்றேன். ஒரு தோள் நனைந்தது, மற்றத் தோளில் வெயில் சுட்டது. இறைவனின் வேலையை வியந்து, சுப்ஹானல்லாஹ் என்றேன்.