கறுப்பியின் வாயிலிருந்து

தொம்மலூர்ச் சந்தில் என் எதிர்வீட்டு அக்கா சிவப்பி, கறுப்பி என்று இரண்டு மாடு வைத்திருக்கிறார். சிவப்பியின் வயிற்றைத் திறந்து, நாங்கள் தெருவெல்லாம் முடிச்சுப் போட்டு வீசிய பிளாஸ்டிக் பைகளை வாரி எடுத்துத் தைத்திருந்தார் மாட்டு டாக்டரம்மா. பத்தியம் கொஞ்சம் காய்ந்த புல், வெதுவெதுப்பான தண்ணீர், அவ்வளவே. சிவப்பி மெல்ல அசைபோடத் தொடங்கியிருந்தாள்.

வெள்ளிக்கிழமை வந்தது. மாட்டுக்கு ஒரு வாய் கொடுக்காமல் ஆபீஸ் போகாத தெரு இது. அதிலும் பிழைத்து வந்த மாடு. அக்கா பால் ஊற்றப் போன நேரத்தில் மாடிகளிலிருந்து சர்க்கரைப் பொங்கல் இறங்கியது. ஆளுக்கு ஒரு கைதான்; கைகள்தான் அதிகம்.

மதியத்துக்குள் வயிறு உப்பி, அசை நின்றுவிட்டது. டாக்டரம்மா குழாய் விட்டுக் காற்றை இறக்கினார், மருந்து கொடுத்தார். தையலுக்கு மேலே காதை வைத்துக் கேட்டார். "ஹொட்டெ நிந்து ஹோகிதே," என்றார் கன்னடத்தில். வயிறு நின்றுபோயிருந்தது. மறுநாளும் அப்படியேதான்.

"பிரசாதம்தானேம்மா, அது என்ன பண்ணும்?" என்றார் மூன்றாம் மாடி சார்.

"உங்க ஹெர்னியா ஆபரேஷனுக்கு நாங்க வந்து பொங்கலா ஊட்டினோம், சார்?" என்றார் அக்கா.

சார் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"உள்ள தீனியைச் செரிக்க வைக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிருங்க செத்துடுச்சு. நல்ல மாட்டோட அசை வேணும்," என்றார் டாக்டரம்மா.

இருந்தது கறுப்பி மட்டும்தான். சிவப்பியை முட்டாமல் ஒரு நாள் கழித்ததில்லை அவள். அவள் கண்ணை மூடி அசைபோடும்போது அக்கா கடைவாய்க்குள் கைவிட்டுப் பச்சை உருண்டையைப் பறித்தார். "குடுடி. உன் சக்களத்திக்குத்தான்." மறுபடி உருண்டை ஏறி வரக் காத்திருந்து, மறுபடி பறித்தார். வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்து, வடிகட்டி, சிவப்பியின் வாயோரம் சிறிது சிறிதாக ஊற்றினார்.

எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டே இருந்தேன். வெயில் இறங்கும்போது அக்கா கூப்பிட்டு, என் உள்ளங்கையை எடுத்துத் தையலுக்குப் பக்கத்தில் வைத்தார். முதலில் தோலின் சூடு மட்டும். பிறகு எங்கோ ஆழத்தில், தூரத்துப் பஸ் போல ஒரு உருளல். கழுத்தில் ஒரு உருண்டை கீழிருந்து மேலே ஏறியது. சிவப்பியின் தாடை பக்கவாட்டில் நகர்ந்தது.

அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை சார் வெறுங்கையோடு இறங்கி வந்து அக்காவிடம் கேட்டார். "தடவி மட்டும் குடுக்கலாமாம்மா?"

"குடுங்க சார். வாய்ப்பக்கம் மட்டும் போகாதீங்க."